மணி அடிக்காமலே கேட்கும் ரிங்

சென்ற இதழில், "போனில் உங்களுக்குப் புரியாத ஒரு விஷயத்தை எழுதி அனுப்புங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. பாதிப் பேர் பில்லைப் பற்றித் திட்டியிருந்தார்கள். அவற்றை மடித்து வைத்துவிட்டேன். இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் 1981-இல் தபால் தந்தி இலாகாவில் சேர்ந்து, தென் மாவட்டத்து எக்ஸ்சேஞ்ச் ஒன்றில், கால்களுக்கு வழி போடும் இரும்பு செலக்டர்களைத் துடைத்து எண்ணெய் போடுவதில் ஆரம்பித்தவன். 2003-இல் அதை விட்டுவிட்டு, வெளிநாட்டு கால்களை இன்டர்நெட் வழியாகத் திருப்பிவிடும் சென்னைக் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். இப்போதும் ராத்திரி தூக்கம் வருவதில்லை. இந்தப் பதில்களெல்லாம் அந்த நேரத்தில் எழுதியவைதான்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அக்காவுக்கு, சல்லிசான ஒரு ஆப் வழியாக போன் போடுகிறேன். எனக்கு ரிங் போவது நன்றாகக் கேட்கிறது. அக்காவோ "மணியே அடிக்கலைடி" என்று சத்தியம் செய்கிறாள். யார் சொல்வது பொய்?
– கும்பகோணம் வாசகி

அக்கா சொல்வது உண்மையாக இருக்கலாம். உங்கள் காதில் கேட்கும் ரிங், அக்கா வீட்டு மணியின் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்தக் காலத்திலும் அப்படி இருந்ததில்லை. நான் வேலை பார்த்த எக்ஸ்சேஞ்சில், கூப்பிடப்படுகிறவர் வீட்டு மணியை அடிக்க எழுபத்தைந்து வோல்ட் கரன்ட் ஒரு பக்கம் போகும். கூப்பிடுகிறவர் காதுக்கு "ட்ரூங் ட்ரூங்" என்ற டோன் இன்னொரு பக்கம் போகும். இரண்டும் வேறு வேறு. மழையில் கம்பி அறுந்து தெருவில் கிடக்கும், அந்த வீட்டுக்கு போன் போட்டாலும் ஜம்மென்று ரிங் கேட்கும். "ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறாங்க" என்று சொந்தக்காரர்களுக்குள் மனஸ்தாபம் வந்து, கடைசியில் லைன்மேன் போய்ச் சமாதானம் செய்த கதைகள் உண்டு.

இன்டர்நெட் போனில் இந்த விலகல் இன்னும் அதிகம். நீங்கள் பட்டனை அமுக்கியதும் உங்கள் போன் ஒரு சேதி அனுப்புகிறது. அதன் பெயர் இன்வைட், அழைப்பிதழ். வழியில் இருக்கும் சர்வர் "100" என்று பதில் போடும். "கிடைத்தது, முயற்சி செய்கிறேன், திரும்பத் திரும்ப அனுப்பாதே" என்று பொருள். அழைப்பிதழ் அக்காவின் போனுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே மணி அடிக்கத் தொடங்கினால், அந்த போன் "180" என்று திருப்பி அனுப்பும். அந்த எண் வந்தவுடன் உங்கள் போன் தன்னிடமே இருக்கும் ரிங் சத்தத்தை எடுத்து உங்கள் காதில் ஓட்டுகிறது. கடல் தாண்டி வந்தது மூன்று இலக்கம் மட்டும்தான். எதிர்ப்பக்கம் காலர் டியூன் வைத்திருந்தால் "183" வரும். அப்போது மட்டும் அங்கேயிருந்தே ஒலி வரும், நீங்கள் பாட்டுக் கேட்கலாம்.

சரி, அக்காவின் போன் அனுப்பாத 180-ஐ அனுப்பியது யார்? இடையில் இருக்கும் ஏதோ ஒரு கம்பெனி. சல்லிசான ஆப்பில் போடும் கால், மூன்று நான்கு கை மாறித்தான் கனடா போகும். ஒவ்வொருவரும் மலிவான வழி தேடுவதற்குள் பத்துப் பதினைந்து விநாடி ஓடிவிடும். அவ்வளவு நேரம் காதில் நிசப்தம் இருந்தால் நீங்கள் வைத்துவிடுவீர்கள் என்று, வழி கிடைக்கும் முன்பே பொய் ரிங் ஒன்றை ஓட்டிவிடுவார்கள். எங்கள் தொழிலில் இது ஊரறிந்த ரகசியம். அமெரிக்காவில் கிராமப்புற எண்களுக்கு கால் போய்ச் சேராமல் பொய் ரிங் மட்டும் கேட்கிறது என்று புகார் பெருகி, அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2013-இல் இதைத் தடை செய்தது. கிராமத்து எண்ணில் காலைக் கொண்டுபோய் இறக்க அங்குள்ள கம்பெனிக்குக் கொடுக்கும் கட்டணம் அதிகம்; அதனால் மலிவு வழி தேடிய இடைத்தரகர்கள் அந்த கால்களைக் கொண்டுபோய்ச் சேர்க்காமலே விட்டுவந்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று. அக்கா போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. முதலில் அதைக் கேளுங்கள்.

கேள்வி: "சிப்" பற்றிப் பாடத்தில் ஒரு படம் போட்டு அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்துவிட்டேன். புரியவில்லை.
– கரூர், பொறியியல் மாணவர்

தம்பி, சிப் (SIP) என்றால் இன்டர்நெட் போனில் ஒரு காலை இணைத்துவைக்கும் முறை. நம் ஊர் கல்யாணத் தரகரை நினைத்துக்கொள். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடையாய் நடப்பார். கையில் ஜாதகம். பொருத்தம் பார்த்தாகிவிட்டது என்றால் அவர் வேலை முடிந்தது. அப்புறம் பெண்ணும் பையனும் போனில் என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அது அவர் வழியாகப் போவதும் இல்லை.

சிப் அந்தத் தரகர். நீ யாரைக் கூப்பிடுகிறாய், அவர் இப்போது எந்த முகவரியில் இருக்கிறார், எடுத்தாரா, வைத்தாரா, அவ்வளவுதான் அதற்குக் கவலை. அழைப்பிதழுக்குள் எஸ்.டி.பி. என்று ஒரு துண்டு இருக்கும், அதுதான் ஜாதகம். "எனக்குக் குரலை டேட்டாவாக மாற்றும் இந்த இந்தக் குரல் முறைகள் தெரியும், என் ஐ.பி. முகவரி இது, இந்த போர்ட்டில் (வாசல் எண்ணில்) பேச்சை எதிர்பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கும். எதிர்ப்பக்கம் தன் ஜாதகத்தை "200 ஓகே"யோடு அனுப்பும். இரண்டிலும் பொதுவான குரல் முறை ஒன்றாவது இருந்தால் பொருத்தம். இல்லையென்றால் "488" என்று வரும். ஜாதகம் சேரவில்லை, கல்யாணம் இல்லை. பொருத்தம் வந்ததும் "ஆக்" என்று ஒரு தலையாட்டல். பேச்சு ஆர்.டி.பி. என்ற வேறு பாதையில் ஓட ஆரம்பிக்கும். முடிக்கும்போது யாராவது ஒருவர் "பை" அனுப்ப வேண்டும்.

ஏன் இரண்டு பாதை என்று உன் பாடத்தில் இருக்காது, சொல்கிறேன். பழைய அமெரிக்க டிரங்க் லைன்களில் சிக்னலும் பேச்சும் ஒரே கம்பியில் போயின. 2600 ஹெர்ட்ஸ் சத்தம் கேட்டால் "லைன் காலி" என்று எக்ஸ்சேஞ்ச் நம்பிவிடும். கேப்டன் கிரஞ்ச் என்ற தானிய டப்பாவோடு இலவசமாக வந்த விசில் ஒன்று மிகச் சரியாக அதே சத்தத்தை ஊதியது. அப்புறம் என்ன, ஊதினவர்களெல்லாம் ஓசியில் உலகம் முழுக்கப் பேசினார்கள். ஸ்டீவ் ஜாப்ஸும் வாஸ்னியாக்கும் ஆப்பிளுக்கு முன்னால் செய்து விற்றது அந்தச் சத்தங்களை எழுப்பும் நீலப் பெட்டியைத்தான். பேசுகிறவன் வாய்க்கு எட்டும் இடத்தில் சிக்னலை வைக்கக்கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தனி வலைக்கு மாற்றினார்கள். அதுதான் எஸ்.எஸ்.7. சிப் பின்னால் வந்தது: 1999-இல் முதல் வரையறை, 2002-இல் இன்று வரை அடிப்படையாக இருக்கும் ஆர்.எஃப்.சி. 3261 என்ற விதி ஆவணம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹென்னிங் ஷுல்ஸ்ரின் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். அதற்கு முன்பே, 1996-இல், எச்.323 என்ற முறை இருந்தது. தொலைபேசிக்காரர்கள் எழுதியது; கனமானது; அதன் சேதிகள் மனிதக் கண்ணுக்குப் புரியாது. சிப் சேதிகள் ஈமெயில் தலைப்பு மாதிரி சாதாரண எழுத்தில் இருக்கும். எனக்கு அது பிடித்துப்போனதே அதனால்தான். ராத்திரி மூன்று மணிக்கு, கண் எரியும்போதுகூட, திரையில் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

நெட்வொர்க்கில் ஓடும் சேதிகளைத் திரையில் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருள் இலவசம். இறக்கி, இரண்டு சாஃப்ட்போன்களுக்கு (கம்ப்யூட்டரில் ஓடும் போன் மென்பொருள்) நடுவே ஒரு கால் போட்டு, 5060 போர்ட்டில் ஓடுவதைப் பார். உன் பாடப் படத்து அம்புக்குறிகள் அப்படியே நகரும். "இதெல்லாம் ஆபீஸ் போனுக்கு மட்டும்தானே" என்று நினைக்காதே. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது முழுக்க 4ஜி. அதில் சாதாரணமாக டயல் செய்யும் காலும் வோல்ட்டி, 4ஜி டேட்டா வழியாகவே போகும் குரல், அதாவது சிப்தான். உன் சட்டைப்பையில் இருப்பதும் அநேகமாக அதுதான்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனிக்கு இன்டர்நெட் போன் வைத்தோம். வருகிற கால் எல்லாம் சரியாக அரை நிமிஷத்தில் கட்டாகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டோம். பேய் பிடித்ததா?
– திருப்பூர் வாசகர்

கடிகாரத்தை இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள். 32 விநாடி இருக்கும். பேய்க்கு இவ்வளவு கணக்குத் தெரியாது.

நீங்கள் போனை எடுத்ததும், ஆபீஸில் வைத்திருக்கும் உங்கள் இன்டர்நெட் போன் பெட்டி "200 ஓகே" அனுப்புகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து "ஆக்" வர வேண்டும். வரவில்லை என்றால், சேதி வழியில் தொலைந்துவிட்டது போலிருக்கிறது என்று அரை விநாடி கழித்து மறுபடி அனுப்பும். பிறகு ஒரு விநாடி, இரண்டு, நான்கு, அப்புறம் நான்கு நான்காக. அரை விநாடியைப் போல் 64 மடங்கு, அதாவது 32 விநாடி வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள்ளும் தலையாட்டல் வராவிட்டால் "இவன் ஆளே இல்லை" என்று முடிவு கட்டி "பை" அனுப்பிவிடும். நீங்கள் இருவரும் அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள். அது தரகருக்குத் தெரியாது!

ஆக் ஏன் வரவில்லை? உங்கள் பெட்டி "என்னைத் தொடர்புகொள்ள வேண்டிய முகவரி" என்ற இடத்தில் 192.168 என்று தொடங்கும் ஆபீஸ் உள்முகவரியை எழுதி அனுப்பியிருக்கும். அந்த முகவரி உங்கள் மோடத்துக்கு உள்ளே மட்டும்தான் செல்லுபடி. எதிர்ப்பக்கம் ஆக்-ஐ அங்கே அனுப்பப் பார்க்கும். அது போக்கிடம் இல்லாமல் காணாமல் போகும். பேச்சு மட்டும் எப்படிப் போகிறது என்றால், போன் கம்பெனியின் பெட்டி ஜாதகத்தில் எழுதியிருப்பதை நம்பாமல், குரல் பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அதற்கே திருப்பி அனுப்பும் புத்திசாலியாக இருக்கும்.

செய்ய வேண்டியது இரண்டு. பெட்டியின் அமைப்பில் உங்கள் வெளி ஐ.பி. முகவரியைக் குறிப்பிடச் சொல்லுங்கள். மோடத்தில் "சிப் ஏ.எல்.ஜி." என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவி செய்கிறேன் பேர்வழி என்று அது சேதிகளைத் திருத்துகிறது. திருத்துகிற லட்சணத்தில் பாதி கால் கெட்டுப்போகும். பதினான்கு வருஷத்தில் அந்த ஒரு டிக் மார்க்கை எடுத்தே நான் வாங்கிய நல்ல பெயர் அதிகம்.

பக்கத்துக் கம்பெனிக்காரர் எங்களுக்கு அரை மணியில் கட்டாகிறது என்று சொன்னால் அது வேறு நோய். நீண்ட காலில் இரு பக்கமும் "இன்னும் இருக்கிறாயா" என்று அவ்வப்போது கேட்டுக்கொள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. வழக்கமாக 1800 விநாடி. அந்தக் கேள்விக்குப் பதில் போகவில்லை என்றால் கட்.

கேள்வி: நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது. அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை.
– நாகர்கோவில் வாசகர்

கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்கலாம் என்று பார்த்தேன். போன் பற்றியது என்று நம்பி எழுதுகிறேன்.

மேலே சொன்ன அதே உள்முகவரிக் கோளாறு, இந்த முறை ஜாதகத்தில். அடுக்குமாடிக் குடியிருப்பில் "3-பி" என்றால் வாட்ச்மேனுக்குத் தெரியும். கடிதத்தின் மேல் "3-பி" என்று மட்டும் எழுதித் தபால்பெட்டியில் போட்டால்? உங்கள் போன் அப்படித்தான் தன் முகவரியை எழுதியிருக்கிறது. உங்கள் குரல் வெளியே போய்விடுகிறது, ஏனென்றால் அவர் முகவரி முழுசாக இருக்கிறது. அவர் குரலுக்குத்தான் வீடு தெரியவில்லை. இதற்காகவே ஸ்டன் என்று ஒரு சர்வர் வைத்திருப்பார்கள், உங்கள் போன் அதனிடம் "வெளியிலிருந்து பார்த்தால் என் முகவரி என்ன?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதும். அதுவும் பலிக்காவிட்டால் டர்ன் என்ற சர்வர் நடுவில் நின்று இரண்டு பக்கத்துப் பேச்சையும் கை மாற்றிவிடும். உங்கள் ஆப்பில் ஸ்டன் சர்வர் பெயர் கேட்கும் கட்டம் காலியாக இருந்தால் சேவை தருபவரிடம் கேட்டு நிரப்புங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் டிரங்க் கால் புக் செய்தால் ஆபரேட்டர் அம்மா பார்த்து வழி போடுவார். இன்டர்நெட்டில் ஒரு நம்பர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?
– ராஜபாளையம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, ஆபரேட்டர் வழி போடுவதில் சந்தேகம் வந்ததால்தான் என் முதல் உத்தியோகமே பிறந்தது. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்கிற தொழில். ஆபரேட்டர் பெண் தனக்கு வரும் கால்களைப் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவருக்கு எரிச்சல் என்று சொல்வார்கள். ஆளே இல்லாமல் வழி போடும் இயந்திரத்துக்கு 1891-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். நான் எண்ணெய் போட்ட செலக்டர்கள் அவர் வம்சம். நீங்கள் எந்த இலக்கத்தைச் சுழற்றுகிறீர்களோ அத்தனை படி ஏறும். எந்த வழி என்பது கம்பியிலேயே எழுதியிருக்கும்.

இன்டர்நெட்டில் அது ஒரு அட்டவணை. அந்த அட்டவணையைப் பராமரிக்கத்தான் எனக்குக் கம்பெனி சம்பளம் கொடுத்தது. உலகத்து எண்கள் எல்லாம் நாட்டுக் குறியீட்டோடு அதிகபட்சம் 15 இலக்கம். எண்ணின் தொடக்கத்தைப் பார்த்து, அட்டவணையில் எந்த வரி அதிக இலக்கங்கள் வரை பொருந்துகிறதோ அதை எடுப்போம். 44 என்றால் பிரிட்டன். 447 என்றால் பிரிட்டன் மொபைல். 447624 என்றால் ஐல் ஆஃப் மேன் தீவு, விலை வேறு. 1 என்றால் அமெரிக்காவும் கனடாவும் என்று நினைப்பீர்கள், 1876 ஜமைக்கா. 7 என்றால் ரஷ்யா, 77 கஜகஸ்தான். ஒவ்வொரு வரிக்கும் நான்கைந்து கம்பெனிகள், நிமிஷத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்லியிருப்பார்கள். மலிவானவர் முதலில். அவர் "503", முடியாது என்றால் அடுத்தவர். ஆனால் "486" வந்தால் அடுத்தவரிடம் போகக்கூடாது. அது எங்கேஜ்டு, எந்த வழியில் போனாலும் எங்கேஜ்டுதான். சில கம்பெனிகள் இல்லாத நம்பருக்கும் 503 அனுப்பித் தொலைப்பார்கள். எங்கள் மெஷின் ஐந்து வழியையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் "இல்லை" என்று சொல்லும். அதுவரை கூப்பிட்டவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்.

விலைப் பட்டியல் எக்ஸெல் ஷீட்டில் வரும், ஆயிரக்கணக்கான வரிகள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுப் பட்டியலை ஏற்றினேன். 447 இருந்தது. 4470 என்ற வரி ஏறவில்லை, நான் கவனிக்கவில்லை. பிரிட்டனில் 070 என்று தொடங்கும் எண்கள் மொபைல் போலவே தோன்றும், ஆனால் அவை "பர்சனல் நம்பர்". அந்த நாளில் மொபைலைவிடப் பல மடங்கு விலை. வரி இல்லாததால் அவையெல்லாம் மொபைல் விலைக்கு எங்களிடம் இறங்கின. நாங்களோ எங்களுக்கு மேலே இருந்த கம்பெனிக்கு உண்மை விலை கொடுத்தோம். இதை மோப்பம் பிடிக்கவே சிலர் எங்கேயோ உட்கார்ந்திருப்பார்கள். சனி, ஞாயிறு முழுக்க அந்த எண்களுக்கு மட்டும் கால் கொட்டியது. திங்கள் காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் திட்டவில்லை. ஒரு தாளில் நஷ்டத்தை எழுதி என் பக்கம் தள்ளினார். என் எட்டு மாதச் சம்பளம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிரிட்டனில் இந்த எண்களின் மொத்த விலைக்கு 2019 அக்டோபரில் உச்சவரம்பு வைத்தார்கள். எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் தாமதம்.

விலை மட்டும் பார்த்தாலும் தொழில் நடக்காது. நூறு கால் அனுப்பினால் எத்தனை எடுக்கப்படுகிறது என்று ஒரு கணக்கு, ஏ.எஸ்.ஆர். என்போம். "சார், ஏ.எஸ்.ஆர். விழுந்திடுச்சு" என்று பையன் ஓடி வந்தால், மலிவு கம்பெனி எங்கேயோ குளறுபடி செய்கிறது என்று பொருள். உடனே அவரை வரிசையில் கீழே இறக்குவேன். அந்த அம்மா செய்த வேலைதான் ஐயா. பிளக்குக்குப் பதிலாக மவுஸ்.

சுற்றிச் சுற்றி வரும் கால் என்று ஒன்றும் உண்டு. நான் ஒருவருக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, அவருக்கு மலிவான வழி நானாகவே இருக்க, கால் திரும்ப என்னிடமே வரும். இதைத் தடுக்க ஒவ்வொரு சேதியிலும் 70 என்று ஒரு எண் போட்டு, ஒரு சர்வரைத் தாண்டும்போது ஒன்று குறைப்பார்கள்; பூஜ்யமானால் சேதி செத்துவிடும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி எல்லையில் நிற்கும் பெட்டி, பழைய காலை முடித்துப் புதுக் காலாகத் தொடங்குவதால் பல இடத்தில் எண் மறுபடி 70 ஆகிவிடும். ஒரே ஒருவர் போட்ட கால் எங்கள் லைன் அத்தனையும் அடைத்துக்கொண்ட ராத்திரி ஒன்று உண்டு. வழியில் இருந்த ஒரு வரியை அழித்துச் சுற்றை உடைத்தேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து பேசும்போது சில நாள் ஏதோ பத்து இலக்க இந்திய நம்பர் வருகிறது. பயமாக இருக்கிறது. எடுக்கலாமா?
– அறந்தாங்கி வாசகி

அவர் குரல்தான் என்றால் பேசுங்கள். நம்பர்தான் வேஷம். அங்கே அவர் வாங்கிய மலிவு கார்டோ ஆப்போ, காலை இன்டர்நெட் வழியாக இந்தியாவுக்குள் கொண்டுவந்து, ஏதோ ஒரு வாடகை அறையில் ஒளித்து வைத்திருக்கும் சிம் பாக்ஸ் என்ற பெட்டியில் இறக்குகிறது. அதில் வரிசையாக நம் ஊர் சிம்கள். அதில் ஒன்றிலிருந்து உங்களுக்கு உள்ளூர் காலாகப் புறப்படுகிறது. அதனால் அந்த சிம்மின் நம்பர்.

ஏன் இந்தப் பாடு? காசு. வெளிநாட்டிலிருந்து வரும் காலை இந்தியாவில் இறக்க, நம் கம்பெனிக்கு நிமிஷத்துக்கு 35 முதல் 65 காசு வரை கொடுக்க வேண்டும் என்று 2020 மே மாதத்திலிருந்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்தது. உள்நாட்டுக் காலுக்கு அந்தக் கட்டணம் 2021 ஜனவரியிலிருந்து பூஜ்யம். அன்லிமிடெட் பேக் போட்ட சிம்மில் எவ்வளவு பேசினாலும் அதே காசு. இடையில் இருக்கும் வித்தியாசம் பெட்டிக்காரர் பையில். இது சட்டவிரோதம், யார் எங்கிருந்து பேசுகிறார் என்பது மறைந்துபோவதால் போலீஸும் இதைச் சும்மா விடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து +91 என்று பொய்யாக எழுதிக்கொண்டு வரும் கால்களைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒரு அமைப்பைத் தொடங்கியது. சிம் பாக்ஸ் கால் உள்ளே இறங்கிய பிறகு நிஜமான உள்ளூர் கால், ஆகவே எல்லையில் நிற்கிற காவலுக்கு அது படாது. துபாய்ப் பக்கம் வாட்ஸ்அப் கால் போகாது என்பதால் அவரையும் குறை சொல்ல மனமில்லை. நல்ல கார்டாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள்; அங்கே மனிதர் யாரும் இல்லை.

கேள்வி: 9443 என்றால் பி.எஸ்.என்.எல். என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். இப்போது அந்த நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறிவிடுகிறார்கள். கால் எப்படிச் சரியாகப் போகிறது?
– தேனி வாசகர்

2011 ஜனவரி 20-இல் நாடு முழுக்க நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி வந்தது. அன்றோடு நம்பரின் முதல் இலக்கங்கள் சொல்லும் வழி பொய்யாகிவிட்டது. இப்போது கூப்பிடுகிறவரின் கம்பெனி, காலை அனுப்பும் முன் ஒரு பட்டியலைப் புரட்டுகிறது: இந்த எண் இடம் மாறியதா, மாறியிருந்தால் எந்த வீட்டில் இருக்கிறது? அதற்கென்று ஒரு வழிக்குறி எண் கிடைக்கும், எல்.ஆர்.என். என்பார்கள். அதை நம்பருக்கு முன்னால் ஒட்டி அனுப்பினால், வழியில் இருப்பவர்கள் 9443-ஐப் பார்க்காமல் ஒட்டியதைப் பார்த்துத் திருப்பிவிடுவார்கள். மாறிய புதிதில் ஓரிரு கம்பெனியிலிருந்து மட்டும் கால் வராமல் போகும். அவர்கள் பட்டியல் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: ஒரு நிமிஷம் பேசினால் எவ்வளவு டேட்டா தீரும்?
– ஓசூர் வாசகர்

ஜி.711 என்ற பழைய முறையில் குரலை விநாடிக்கு 8000 தடவை அளக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒரு பைட். 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட் என்றால் உள்ளே 160 பைட். முகவரி எழுதிய உறை 40 பைட். விநாடிக்கு 50 பாக்கெட், ஆக 10,000 பைட். போக, வர, நிமிஷத்துக்கு 1.2 எம்.பி. குரலைச் சுருக்கும் ஜி.729-இல் உள்ளே 20 பைட்தான், உறை அதே 40. கடிதத்தைவிடக் கவர் கனம்! அதனால் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் செலவு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழேதான் இறங்கும்.

கேள்வி: உங்கள் வீட்டில் லேண்ட்லைன் உண்டா?
– பெயர் எழுதாத வாசகர்

உண்டு. சிவப்பு நிறத்தில், சுழற்றும் டயல் போய் பட்டன் வந்த காலத்துக் கருவி. போன வருஷம் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டார்கள். போன் அதேதான், நம்பரும் அதேதான், ஆனால் மோடத்தின் பின்னால் செருகியிருக்கிறது. உள்ளே ஓடுவது சிப். பழைய எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய பேட்டரி வரிசை வைத்து எல்லா வீட்டுக்கும் 48 வோல்ட் நாங்களே அனுப்புவோம். புயலில் ஊரே இருட்டானாலும் போனை எடுத்தால் டயல் டோன் வரும். ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் கரன்ட் போன அன்று, பழக்க தோஷத்தில் அந்தச் சிவப்பு போனை எடுத்துக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. மோடத்தை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிக் கொடுக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு வருகிறேன் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.